ஹஸ்கி–மலமூட் கலப்பு நாய்: டெல்டா வீட்டுக்கு ஒத்துவருமா?

2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. இந்த மாநிலத்தின் வெப்பத்துக்கு ஒவ்வாதவை, உடல்நலச் சிக்கல் உள்ளவை என்று சில வெளிநாட்டு இனங்களைப் பட்டியலிட்டு, அவற்றை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. பக், பிரெஞ்சு புல்டாக், செயின்ட் பெர்னார்ட் ஆகியவற்றோடு சைபீரியன் ஹஸ்கியும் அலாஸ்கன் மலமூட்டும் அந்தப் பட்டியலில் இருந்தன.

அந்த இரண்டையும் கலந்து பிறந்த குட்டி ஒன்று உங்களிடம் விலைக்கு வந்தால், விற்பவர் பெரும்பாலும் இரண்டு சமாதானங்கள் சொல்வார். ஒன்று, கலப்பு என்பதால் வெயிலைத் தாங்கும். இரண்டு, கலப்பு என்பதால் பட்டியலில் வராது. இரண்டாவது சட்டம் சார்ந்தது, பிறகு பார்க்கலாம். முதலாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. ஜெர்சி கிராஸ் மாட்டைக் கொட்டகையில் கட்டியிருக்கும் ஊர்க்காரர்களுக்குக் கலப்பினம் தாங்கும் என்பது கண்ணால் கண்ட உண்மை. மாட்டுக்குப் பொருந்துவது நாய்க்கும் பொருந்தாதா என்று தோன்றுவது இயல்பு. இங்கே பொருந்தாது.

முதலில், எந்த நாய் எது?

ஹஸ்கி, சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் வாழும் சுக்சி மக்கள் வளர்த்த நாய். ஆண் நாயின் எடை 20 முதல் 27 கிலோ. குறைந்த பாரத்தை வேகமாக, வெகுதூரம் இழுப்பது இதன் வேலை. 1925-இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, 20 வண்டிக்காரர்கள் மாறி மாறி நாய்வண்டி ஓட்டி, ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் தூரத்தை ஐந்தரை நாளில் கடந்து மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மைனஸ் 40 டிகிரியையும் தொட்ட குளிர் அது. உலகம் முழுதும் ஹஸ்கிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த ஓட்டம்தான்.

மலமூட், அலாஸ்காவின் கோட்சபூ கடற்கழிப் பகுதியில் இனுபியாட் மக்கள் வளர்த்தது. ஆண் நாய் சுமார் 38 கிலோ. ஹஸ்கியைப் பந்தய மாடு என்றால் மலமூட்டைப் பார வண்டி மாடு என்று சொல்லலாம். மெதுவாகப் போகும், மலைபோல் இழுக்கும். ஹஸ்கிக்கு நீலக் கண் வரலாம். தூய மலமூட்டுக்குக் கண் பழுப்பாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டையும் 'நார்டிக் நாய்' என்ற பெயரில் சேர்த்துச் சொல்வது வழக்கம். நார்வே, ஸ்வீடனுக்கும் இவற்றின் பிறப்புக்கும் தொடர்பில்லை. கூர்ந்த காது, சுருண்ட வால், இரட்டை ரோமம் கொண்ட வடதுருவப் பக்கத்து நாய்களுக்கான தளர்வான கூட்டுப்பெயர், அவ்வளவே.

'இரட்டை ரோமம்' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே நீண்ட, முரட்டு மயிர், பனியும் நீரும் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். உள்ளே பஞ்சுபோல் அடர்ந்த மயிர், உடல் சூட்டை வெளியே விடாது. பனியில் சுருண்டு படுத்து, வாலால் மூக்கை மூடிக்கொண்டு, மேலே பனி கொட்டக் கொட்டத் தூங்குவதற்கான போர்வை அது.

ஜெர்சி கிராஸ் ஏன் தாங்குகிறது?

கலப்பு என்பது கூட்டல் கணக்கு. பெற்றோர் இருவரிடமும் உள்ளதில்தான் குட்டிக்குப் பங்கு கிடைக்கும். இருவரிடமும் இல்லாத ஒன்று குட்டிக்கு வராது.

ஜெர்சி பால் கொடுக்கும், வெயில் தாங்காது. நாட்டு மாடு வெயில் தாங்கும், பால் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றிலிருந்து பாலும் மற்றதிலிருந்து தாங்கும் உடம்பும் ஓரளவு வந்து சேர்கின்றன. டெல்டாவின் சொந்த மாடான உம்பளச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு, முழங்கால் சேற்றில் நாள் முழுதும் உழுவதற்கென்றே உருவான உடம்பு. கலப்பில் அது கொண்டுவரும் சீதனம் வெப்பத்தைத் தாங்கும் குணம். ஜெர்சி இரத்தம் அளவுக்கு மீறி ஏறிய மாடு கோடையில் நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதை மாடு வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். அங்கே சீதனம் குறைந்துவிட்டது.

ஹஸ்கி–மலமூட் கலப்பில் சீதனம் கொண்டுவர யாருமே இல்லை. அப்பன் வீட்டிலும் பனி, ஆத்தாள் வீட்டிலும் பனி. குட்டிக்குக் கிடைப்பது இரண்டு போர்வைகளில் ஏதோ ஒன்று. ஹஸ்கியைவிடப் பெரிய உடம்பும் பெரும்பாலும் சேர்ந்துவரும். உடம்பு பெருக்கப் பெருக்க, எடைக்கு ஏற்ற அளவு தோல்பரப்பு கிடையாது. சூடு வெளியேற வழி குறையும். சுருங்கச் சொன்னால், தூய ஹஸ்கியைவிட இந்தக் கலப்பு வெப்பத்தில் கூடுதலாகத் திணறவே வாய்ப்பு.

'வீரியம்' என்ற வாதமும் உண்டு. வீரிய ஒட்டு நெல்லைப் போல முதல் தலைமுறைக் கலப்பு திடமாக இருக்கும் என்பார்கள். ஓரளவு உண்மை. ஓர் இனத்தில் மட்டும் உள்ள மரபுக்குறை, இன்னோர் இனத்தோடு கலக்கும்போது மறையலாம். ஆனால்:

1. இரண்டு இனத்திலும் ஒரே குறை இருந்தால் கலப்பு அதை மறைக்காது. அப்படி ஒரு குறை இங்கே இருக்கிறது, கீழே வருகிறது.
2. வீரிய ஒட்டு நெல்லில் விதை எடுத்து வைத்து மறுபோகம் விதைத்தால் வயல் ஒரே சீராக இராது. ஒரு கதிர் நெட்டை, ஒரு கதிர் குட்டை. அதனால்தான் ஆடுதுறை ரகத்துக்கு விதை எடுத்து வைப்பவர்கள் ஒட்டு ரகத்துக்கு ஒவ்வொரு போகமும் புது விதை வாங்குகிறார்கள். கலப்பு நாயையும் கலப்பு நாயையும் சேர்த்துப் பிறந்த குட்டிகளும் அப்படித்தான். ஒரே ஈற்றில் 22 கிலோ நாயும் 36 கிலோ நாயும் வளரலாம்.
3. நீலக் கண் வீரியத்துக்கு அடையாளம் அல்ல. ஹஸ்கியின் நீலக் கண்ணுக்குக் காரணம் 18-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு பகுதி இரட்டித்திருப்பது என்று 2018-இல் கண்டறிந்தார்கள். அது கண்ணின் நிறத்தைச் சொல்லும், உடல்நலத்தைச் சொல்லாது. விலை ஏறுவது என்னவோ அந்தக் கண்ணுக்குத்தான்.

மண்பானையும் நாயின் நாக்கும்

மனிதனுக்கு உடம்பெல்லாம் வியர்வை. நாய்க்கு வியர்வைச் சுரப்பி பாதத்தடியில் கொஞ்சம் உண்டு, அதனால் பெரிய பயன் இல்லை. நாய் சூட்டைத் தணிப்பது இரைப்பதால்தான். நாக்கு, வாய், மூக்கின் உட்புறம் ஆகியவற்றின் ஈரம் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது.

மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். கோடையில் திருச்சியின் வறண்ட காற்றில் பானைத் தண்ணீர் பல் கூசும். அதே பானையை நாகப்பட்டினத்தில், கடற்காற்று ஈரத்தைச் சுமந்து வந்து புழுங்கும் மாலையில் வைத்துப் பாருங்கள், தண்ணீர் சும்மா இருக்கும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் பானையின் ஈரம் எங்கே போகும்? நாயின் நாக்கும் ஈரப் பானைதான்.

ஆகவே வெப்பமானியை மட்டும் பார்த்து டெல்டாவின் கோடையை அளக்கக் கூடாது. 40 டிகிரி வறண்ட வெயிலைவிட 35 டிகிரிப் புழுக்கம் நாய்க்குக் கொடியதாகலாம். போதாக்குறைக்கு, மே மாத இரவிலும் இங்கே வெப்பம் 27 டிகிரியைவிட்டு அதிகம் இறங்குவதில்லை. பகலில் ஏறிய சூட்டை இரவில் இறக்கி வைக்க நாய்க்கு நேரம் கிடைப்பதில்லை.

நாயின் இயல்பான உடல்சூடு 38 முதல் 39 டிகிரி. 41-ஐத் தாண்டினால் வெப்பத்தாக்கு. குடல், சிறுநீரகம், மூளை, இரத்தம் உறையும் தன்மை எல்லாம் வரிசையாகக் கெடத் தொடங்கும். இதற்கான நேரம் நாள்கணக்கு அல்ல, நிமிடக்கணக்கு.

ரோமத்தை மழித்துவிட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். நாய் தோலால் வியர்ப்பதில்லை என்பதால் மழிப்பதால் கிடைக்கும் பயன் குறைவு. வெளிமயிர் தடுத்துவந்த வெயில் நேராகத் தோலில் விழும். மேலும் இந்த வகை நாய்களில் மழித்த இடத்தில் மாதக்கணக்கில் மயிர் முளைக்காமல் போவது கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிந்த சிக்கல். உதிர்ந்த உள்மயிரைச் சீவி எடுப்பதே சரி. ஆண்டுக்கு இரண்டு முறை அது மூட்டை மூட்டையாக உதிரும். வீட்டில் சாம்பார்க் கிண்ணம் வரை பறக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

'சென்னையில் வளர்க்கவில்லையா?' என்ற கேள்வி நியாயமானது. வளர்க்கிறார்கள். வெப்பமான ஊரில் உள்மயிர் ஓரளவு மெலிந்தே வளரும், உடம்பும் கொஞ்சம் பழகும். அந்த நாய்களில் பல, கோடை முழுவதும் குளிரூட்டிய அறையைவிட்டு நகராதவை. ஓடுவதற்கென்றே பிறந்த உடம்பை ஆறு மாதம் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அடைத்து வைப்பதை வளர்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கத்திரி வெயிலில் ஒரு நாள்

அதிகாலை ஐந்து மணிக்கு வாய்க்கால் கரையில் நடத்திக் கூட்டி வரலாம். அன்றைக்கு நாய்க்குக் கிடைக்கும் சிறந்த நேரம் அதுதான், ஆனாலும் காற்றில் ஈரம் உச்சத்தில் இருக்கும். கால்மணியில் நாக்கு அகலமாகிவிடும். ஏழரைக்கு மேல் தார்ச்சாலை பாதத்தைச் சுடும். பிற்பகல் இரண்டு மணிக்கு அது வீட்டின் மொசைக் தரையில், நான்கு காலையும் பரப்பி வயிற்றை ஒட்டவைத்துக் கிடக்கும். அரைமணிக்கொரு முறை எழுந்து இரண்டடி தள்ளிப் படுக்கும், படுத்த இடம் சூடாகிவிட்டதால். பார்க்க வேடிக்கையாகத் தோன்றும். சூட்டைத் தரைக்கு இறக்கும் முயற்சி அது.

ஆகவே குளிரூட்டி தேவை. ஒன்றரை டன் இயந்திரம் மணிக்கு ஒரு யூனிட்டை ஒட்டி எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 14 மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 840 யூனிட். நாய்க்கு மட்டும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பது வீட்டில் பணம் கட்டுபவருக்குத் தெரியும்.

பணம்கூடப் பெரிதில்லை, மின்சாரம் நிற்கும் நாள்தான் பெரிது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, டெல்டாவின் பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. அது ஐப்பசி கடைசி, நல்ல வேளையாகக் கோடை அல்ல. மின்சாரத்தை நம்பி உயிர்வாழும் பிராணிக்கு, மே மாத நண்பகலில் மூன்று மணி நேர மின்தடையே போதும்.

ஐப்பசிக்குப் பிறகு

மழை வந்தால் தப்பித்தது என்று நினைக்க வேண்டாம், சிக்கல் வேடம் மாறும். நனைந்த உள்மயிர் அடைமழைக் காலத்தில் காய்வதே இல்லை. அதன் அடியில் தோல் புழுங்கிப் பூஞ்சைத் தொற்றும் சீழ்ப்புண்ணும் வரும். அடர்ந்த மயிருக்குள் உண்ணி இருப்பதே தெரியாது. எர்லிக்கியா, பபீசியா ஆகிய கிருமிகளை உண்ணி கடத்தும், நாய்க்கு வரும் 'உண்ணிக் காய்ச்சல்' என்று சொல்வது இவற்றைத்தான். கொசு இதயப்புழுவைக் கொண்டுவரும். வயல் எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும், அது நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். இவை எல்லா நாய்க்கும் உள்ள ஆபத்துதான். மயிர் அடர்ந்த நாயில் கண்டுபிடிப்பது தாமதமாகும்.

தயிர்சாதமும் துத்தநாகமும்

மேலே சொன்ன பொதுக்குறை இதுதான். ஹஸ்கி, மலமூட் இரண்டிலும் சில நாய்களின் குடல், உணவிலுள்ள துத்தநாகத்தை, அதாவது ஜிங்க் சத்தை, சரியாக உறிஞ்சாது. விளைவு தோலில் தெரியும். கண்ணைச் சுற்றியும் உதட்டோரத்திலும் மயிர் கொட்டி, சாம்பல் நிறச் செதில் படியும். பாதத்தடி வெடிக்கும். சொறி என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவி மாதங்களைக் கழிப்பார்கள்.

நம் வீட்டு நாய்ச்சாப்பாடு இதைக் கூட்டவே செய்யும். கேழ்வரகு, கோதுமை, பருப்பு போன்றவற்றிலுள்ள ஃபைடேட் என்ற பொருள் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் மிகுந்தால் அதுவும் உறிஞ்சுதலைத் தடுக்கும். நாட்டு நாய் பழஞ்சோற்றில் தழைக்கும், இதற்கு இறைச்சியும் மீனும் முறையாக வேண்டும். நோய் உறுதியானால் பல நாய்களுக்கு வாழ்நாள் முழுதும் துத்தநாக மாத்திரை தேவைப்படும். அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சு என்பதால் மருந்துக்கடையில் தானாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

காவலுக்கு ஆகாது, கோழிக்கும் ஆகாது

ஓநாய் முகத்தைப் பார்த்துக் காவல்நாய் என்று முடிவு கட்டுபவர்கள் ஏமாறுவார்கள். ஹஸ்கி அயலாரைக் கண்டால் வாலாட்டும் இனம். மலமூட்டும் பெரும்பாலும் அப்படியே. பம்புசெட் மோட்டாரைத் திருட வந்தவனுக்கும் கை கொடுக்கும்.

வேட்டைக் குணம் வேறு விஷயம், அது இரண்டிலும் வலுவாக உண்டு. கொல்லைக் கோழி, பூனை, ஆட்டுக்குட்டி எதற்கும் உத்தரவாதம் இல்லை. அறுவடை முடிந்த வயலில் வாத்துக் கூட்டம் மேய வரும் மாதங்களில் இந்த நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு போனால், ஊர்ப் பஞ்சாயத்தில் நீங்கள்தான் நிற்க வேண்டியிருக்கும். நான்கடி மதில் இதற்குப் பொருட்டில்லை, மதிலின் அடியிலும் தோண்டும். குரைப்பது குறைவு, ஊளையிடுவது அதிகம். நள்ளிரவில் நாய் ஊளையிட்டால் சாவு விழும் என்று நம்பும் தெருவில் இது சின்ன விஷயம் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று கலந்து குழப்புகின்றன.

1. 2024 மார்ச்சில் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கை, மூர்க்கமானவை என்று 23 வகை நாய்களைத் தடுக்கச் சொன்னது. ஹஸ்கியோ மலமூட்டோ அதில் இல்லை, ஆனால் 'ஓநாய்க் கலப்பு நாய்' இருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. ஹஸ்கி–மலமூட் கலப்பில் ஓநாய் இரத்தம் கிடையாது. விலை ஏற்ற 'வுல்ஃப் டாக்' என்று விற்பவர், வாங்குபவர் தலையில் தேவையற்ற வம்பையும் சேர்த்தே கட்டுகிறார்.
2. தமிழ்நாட்டின் 2024 கொள்கை பேசியது மூர்க்கத்தைப் பற்றி அல்ல, தட்பவெப்பத்தையும் நாயின் நலத்தையும் பற்றி. அதன் குறி இனப்பெருக்கம், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் நாய் அல்ல. கலப்பு என்றால் பட்டியலில் வராது என்ற வாதம் இங்கே தடுமாறுகிறது. பட்டியலின் இரண்டு இனங்களைச் சேர்த்துத்தான் குட்டியே எடுக்க முடியும்.

இவற்றைத் தவிர, 2017-இன் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் உள்ளன. குட்டி எடுத்து விற்பவர் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. கண் திறந்த சூட்டோடு பஸ்ஸில் அனுப்பிவைக்கிறேன் என்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

நாய்தான் வேண்டும், இந்த மண்ணில் ஓடி விளையாட வேண்டும் என்றால் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் இருக்கின்றன. அவற்றிலும் குறை உண்டு. வெள்ளை ராஜபாளையத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதால், கை தட்டிப் பார்த்து வாங்க வேண்டும். தெருவில் பிறந்த நாட்டுக் குட்டிக்கு வாங்கும் செலவும் இல்லை.

ஏற்கெனவே வீட்டில் இருந்தால்

வாங்கியாயிற்று, அல்லது வேறு யாரோ விட்டுவிட்டுப் போனதை எடுத்துக்கொண்டாயிற்று என்றால், அதன் உயிருக்குச் சில ஏற்பாடுகள் வேண்டும்.

1. மார்ச் முதல் செப்டம்பர் வரை நடை, ஓட்டம் எல்லாம் விடியலுக்கு முன் மட்டும். மாலை ஆறு மணி என்பது நாய்க்கு இன்னும் பகல்தான்.
2. குளிரூட்டி நின்றால் எந்த அறை, எந்த விசிறி, எந்தத் தொட்டி என்று முன்பே தீர்மானித்து வைக்க வேண்டும். இன்வெர்ட்டரில் ஒரு மின்விசிறியாவது ஓட வேண்டும்.
3. ஆண்டுக்கொரு முறை கண், தைராய்டு, உண்ணிக் காய்ச்சல் சோதனை. எலிக்காய்ச்சல் தடுப்பூசியைக் கேட்டுப் போட வேண்டும். உள்ளூர் மருந்தகத்தில் முடியாததற்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.
4. மூச்சிரைப்பு அடங்காமல், எச்சில் பசைபோல் கெட்டியாகி, ஈறு செங்கல் நிறமாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. மருத்துவருக்கு ஓடுவதற்கு முன் குளிர்விக்க வேண்டும். பம்புசெட் தண்ணீரை வயிறு, தொடை இடுக்கு, கழுத்து என மயிரின் அடிவரை இறங்கும்படி விடாமல் ஊற்றி, விசிறியைத் திருப்பி வைக்க வேண்டும். ஈரத் துணியால் போர்த்தி மூடினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். குளிர்வித்த பிறகு, வண்டியின் கண்ணாடியை இறக்கிவிட்டு, நாய் எழுந்து நடமாடினாலும்கூட மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். சிறுநீரகமும் இரத்தமும் கெட்டது வெளியே தெரிய ஓரிரு நாள் ஆகும்.